பகலில் எரியும் முகப்பு விளக்கு: சுவிட்ச் வைத்து அணைக்கலாமா?

2024 மே 6, பாலக்கோட்டு வாசகர் கேட்டது

புது பைக் எடுத்துச் சில வாரங்கள் ஆகின்றன. இன்ஜின் ஓடத் தொடங்கியதுமே ஹெட்லைட்டும் எரியத் தொடங்கிவிடுகிறது. அணைப்பதற்குச் சுவிட்சே இல்லை. உச்சி வெயிலிலும் எரிகிறது. எதிரில் வருகிறவர்கள் கையைக் காட்டிக்கொண்டே போகிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் ஒயரை வெட்டி இடையில் ஒரு சுவிட்ச் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். பெட்ரோலும் பேட்டரியும் வீணாகாமல் இருக்க அப்படியே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். சூரியன் காட்டாததை இந்த பல்பு என்ன காட்டிவிடப் போகிறது?

மே 6, இரவு

சுவிட்ச் வைக்க வேண்டாம். அந்த விளக்கு உங்களுக்குச் சாலையைக் காட்டுவதற்காக எரிவதில்லை. எதிரே வருகிறவருக்கும், குறுக்குச் சாலையில் நின்று பார்க்கிறவருக்கும், முன்னே போகிறவரின் பக்கக் கண்ணாடிக்கும் உங்களைக் காட்டுவதற்காக எரிகிறது. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் புதிய இருசக்கர வாகனங்கள் எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடும் வரை முகப்பு விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. உங்கள் வண்டியில் சுவிட்ச் இல்லாமல் போனதற்கு அதுவே காரணம்.

நான் பல ஆண்டுகள் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலிருந்து சரக்கு ஏற்றும் மினி லாரி ஓட்டியவன். இப்போது வேலைக்காகக் காரிமங்கலத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் பைக்கில் போய் வருகிறேன். இரண்டு இருக்கைகளிலிருந்தும் சாலையைப் பார்த்திருப்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். நாளை தொடர்கிறேன்.

மே 7

முதலில் பெட்ரோல் கணக்கை முடித்துவிடுவோம், ஏனென்றால் சுவிட்ச் வைக்கிற எல்லாரும் சொல்லும் காரணம் அதுதான். சாதாரண ஹாலஜன் பல்பு 35 வாட். அந்த மின்சாரத்தை உண்டாக்கும் வழியில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் இன்ஜின் 70 வாட் அளவுக்கு உழைக்க வேண்டும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் கால் பங்கைத்தான் இன்ஜின் வேலையாக மாற்றுகிறது என்று கொண்டால், பெட்ரோலிலிருந்து 280 வாட் எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. ஆகவே ஒரு மணி நேரம் விளக்கு எரிவதற்குச் செலவாகும் பெட்ரோல் சுமார் 30 மில்லி. லிட்டர் நூறு ரூபாய் என்றால் மணிக்கு மூன்று ரூபாய். எல்.இ.டி. விளக்கு உள்ள வண்டியில் இன்னும் குறைவு.

பேட்டரியைப் பற்றிய பயமும் வேண்டாம். இன்ஜின் நின்றால் விளக்கும் நின்றுவிடும்படிதான் இதை அமைத்திருக்கிறார்கள். வண்டி ஓடும்போது மின்சாரம் இன்ஜினிலிருந்து வருகிறது.

ஒயரை வெட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் அமைத்ததிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. அதைவிட எனக்குக் கவலை தருவது வெட்டிய இடத்தைச் சுற்றும் டேப். மழைக்காலத்தில் அந்த இடத்தில் நீர் இறங்கி, இரவில் பாதி வழியில் விளக்கு அணைந்து நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

மே 7, மாலை

கை காட்டுகிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து விரல்களையும் குவித்து, பூ விரிவதுபோல் விரித்து, மறுபடி குவித்துக் காட்டுவார்கள். பெரியவர்கள் வண்டியை மெதுவாக்கி "லைட்டு எரியுது தம்பி" என்று வாய்விட்டே சொல்வார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள் "அண்ணா, லைட்டு" என்பார்கள். சலித்துக்கொள்ள வேண்டாம். இவர்களுக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கிறது, அது ஒன்று. அதைவிட முக்கியமாக, அத்தனை பேரும் உங்களைப் பார்த்துவிட்டார்கள். உச்சி வெயிலில், நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து, தன் வேலையாகப் போகும் ஒருவர் கையைத் தூக்கிக் காட்டும் அளவுக்கு அந்த பல்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சூரியன் காட்டாததை அது காட்டுகிறதா என்ற உங்கள் கேள்விக்கு அவர்கள் கையே பதில். தலையை அசைத்து நன்றி தெரிவித்துவிட்டுப் போங்கள்.

மே 9

அரூரிலிருந்து ஒருவர், "எல்லாரும் சொல்வதைச் சொல்லாமல், லாரி இருக்கையிலிருந்து பார்த்ததைச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார். சொல்கிறேன்.

மாவட்டச் சாலைகளில் புளியமரங்கள் மிஞ்சியிருக்கும் இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்து நண்பகலில் மரத்துக்கு வெளியே தார் வெள்ளையாகத் தகிக்கும். மரத்துக்குக் கீழே நிழல் கறுப்பாக விழுந்து கிடக்கும். வெயிலில் ஓட்டி வருகிறவனின் கண் வெயிலுக்குப் பழகிச் சுருங்கியிருக்கும். அந்தக் கண்ணுக்கு நிழலுக்குள் இருப்பது எதுவும் உடனே தெரியாது. கறுப்பு வண்டி, கறுப்பு ஹெல்மெட், அடர்நிறச் சட்டை என்றால், அந்த மனிதர் நிழலை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவர் இருப்பதே தெரியும். அதற்குள் முன்னே போகும் டிராக்டரை முந்துவதற்கு நான் வலப்பக்கம் ஒதுங்கியிருப்பேன். விளக்கு எரியும் வண்டியாக இருந்தால், ஆளும் வண்டியும் தெரியாவிட்டாலும் அந்த நிழலின் நடுவே ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று நிற்கும். முந்தலாமா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் புள்ளியைக் கண்டு மறுபடி டிராக்டருக்குப் பின்னால் அடங்கியது எத்தனை முறை என்று கணக்கில்லை.

பக்கக் கண்ணாடியிலும் அதே கதைதான். சரக்கு ஏற்றிய வண்டியின் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருக்கும். அதில் பின்னால் வரும் பைக் ஒரு கலங்கிய கோடாகத் தெரியும். விளக்கு எரிந்தால் அந்தக் கோட்டின் நடுவில் வெளிச்சம் துள்ளும். அதிர்கிற கண்ணாடியிலும் வெளிச்சம் வெளிச்சமாகவே தெரிகிறது.

கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் போகிறவர்கள் வாரத்தில் ஒரு முறையாவது விளக்கின் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். வெள்ளைத் தூசி ஒரு படலமாகவே ஒட்டிவிடும்.

மே 10

மலேசியாவின் அனுபவத்தை இங்கே சேர்க்க வேண்டும். நம்மைப் போலவே இருசக்கர வாகனங்கள் நிறைந்த, ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் நாடு அது. 1992இல் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும் என்று முதலில் பிரச்சாரம் செய்து, அதே ஆண்டு செப்டம்பரில் கட்டாயமாக்கினார்கள். பைக் கண்ணில் படாததால் நேரும் வகை விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அங்கு நடந்த ஆய்வு சொன்னது. எல்லா வகை விபத்தும் அந்த அளவுக்குக் குறைந்தது என்று பொருளில்லை. குடிபோதையில் விழுவதையும் குழியில் விழுவதையும் விளக்கு தடுக்காது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார்கள். வேறொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், மற்ற வாகனத்தின் ஓட்டுநர்தான் பைக்குக்கு வழிவிடாமல் குறுக்கே வந்திருந்தார். அவர்களில் பலரும் பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது மோதுவதற்குச் சற்று முன்புதான் பார்த்தார்கள்.

நம் நாட்டில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இதைப் படித்த பிறகும் மணிக்கு மூன்று ரூபாயைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மே 11

மூன்று ரூபாய்ப் பேச்சுக்கு ஓசூரில் உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். நாளெல்லாம் ஓட்டுகிற தனக்கு அது மாதம் நானூறு, ஐந்நூறு ரூபாய் ஆகிறது என்கிறார். அவர் சொல்வது சரியான கணக்கு. தினக்கூலி போல் சம்பாதிக்கிறவருக்கு அது சிறிய தொகையும் இல்லை. தம்பி, அந்தப் பணத்தை வேறு இடத்தில் மீட்கலாம். டயரில் காற்றுக் குறைவதும், செயின் காய்ந்து இறுகுவதும், பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுவதும் இதைவிட அதிகமாகக் குடிக்கும். வாரம் ஒரு நாள் காற்றுப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் விளக்குச் செலவு அதிலேயே அடங்கிவிடும்.

ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பை மாட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். அந்த விளக்கின் உட்குழிவு ஹாலஜன் இழை இருக்கும் இடத்துக்கென்று வடித்தது. ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பினால் நாலாபக்கமும் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் குத்தும்.

மே 13

இப்போது மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். நான் இதுவரை எழுதியதைப் படிக்கிறவர், விளக்கு எரிந்தால் ஆபத்து தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அப்படி இல்லை.

கார் எதிரே வரும்போது இரண்டு விளக்குகள் தெரிகின்றன. நெருங்க நெருங்க அவற்றுக்கு இடையிலான அகலம் கூடுவதை வைத்து, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று நம் கண் கணித்துக்கொள்கிறது. பைக்குக்கு ஒற்றை விளக்கு. அதில் அளக்க அகலம் கிடையாது. வெகுநேரம் அது ஒரே அளவில் நிற்பதுபோலத் தெரிந்து, கடைசி நொடிகளில் திடீரென்று பெரிதாகும். ஒரே தொலைவில், ஒரே வேகத்தில் வரும் பெரிய வண்டியையும் சிறிய வண்டியையும் காட்டினால், சிறியது பிறகுதான் வந்து சேரும் என்று மனிதர்கள் கணிப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. லாரிக்கு வழிவிட்டு நின்ற அதே கார், அதே தொலைவில் வரும் பைக்குக்கு நிற்காமல் திரும்புவதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அதில் பாதிப் பழியைக் கண்ணின் மேல் போடுகிறேன்.

ஆகவே விளக்கு "இங்கே ஒருவர் இருக்கிறார்" என்பதைச் சொல்லிவிடும். "இத்தனை நொடியில் வந்துவிடுவார்" என்பதைச் சொல்லாது. பார்த்துவிட்டார் என்பதற்காக அவர் காத்திருப்பார் என்று எண்ணி வேகத்தைக் குறைக்காமல் போவது கூடாது. காவேரிப்பட்டணத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் சென்டர் மீடியன் திறந்திருக்கும் இடங்களில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் முகத்தைப் பார்ப்பதைவிட முன்சக்கரத்தைப் பாருங்கள். முகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் உருளத் தொடங்கும்.

மே 13, இரவு

முகம் பற்றி இன்னும் ஒன்று. ஓட்டுநரின் முகமே உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. முன்கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணுக்குப் பின்னால் நீங்கள் மறைந்திருக்கிறீர்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மண்டியில் எல்லாருக்கும் மூத்த ஓட்டுநர். குறுக்குச் சாலையிலிருந்து பெரிய சாலையில் ஏறும் முன், வலது பக்கம் பார்க்கும்போது கழுத்தைத் திருப்பினால் போதாது, உடம்பையே ஒரு முறை முன்னால் சாய்த்துப் பின்னால் இழுத்துப் பார் என்பார். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார்; சாலையில் ஏறும்போது நம்மை முதலில் கடக்கும் வண்டிகளும் வலப்பக்கத்திலிருந்தே வருகின்றன; முகத்துக்கு மிக அருகில், ஆகவே மிக அகலமாக, மறைப்பதும் அந்த வலத் தூண்தான். கொஞ்சம் தொலைவில் ஒரு பைக்கை முழுதாக விழுங்கிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், நான் மெதுவாக முன்னே நகர, நீங்கள் சீராக வந்துகொண்டிருக்க, இருவருக்கும் இடையிலான கோணம் மாறாமலே இருக்கலாம். அப்படியானால் நீங்கள் கடைசி வரை தூணுக்குப் பின்னாலேயே இருப்பீர்கள். விளக்கு எத்தனை பிரகாசமாக எரிந்தாலும் இரும்பை ஊடுருவாது.

பைக்கில் போகிறவர் செய்யக்கூடியது, நிற்கும் வண்டியைக் கண்டதும் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவதும், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு தன் தடத்துக்குள்ளேயே ஒரு பக்கமாகச் சற்று நகர்வதும். கோணம் உடைந்தால் தூணுக்கு வெளியே வந்துவிடுவீர்கள். பக்கவாட்டில் நகரும் விளக்கு, நேராக வரும் விளக்கைவிடக் கண்ணை எளிதாக இழுக்கும் என்பதும் என் அனுபவம்.

மே 14

தொப்பூர் கணவாயைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது பாரம் ஏற்றிய லாரிகள் சிறிய கியரில் ஊர்ந்து போகும். அங்கே விளக்கை நம்பி லாரியின் இடப்பக்கமாக நுழையாதீர்கள். ஓட்டுநர் வலப்பக்கம் உயரத்தில் இருக்கிறார். இடது கதவுக்குக் கீழே ஒட்டிப்போகும் பைக்கும் அதன் வெளிச்சமும் அவருடைய பார்வைக்கு அடியில் போய்விடுகின்றன. பின்னால் இடைவெளி விட்டு, அவருடைய வலக் கண்ணாடியில் உங்கள் விளக்கு விழும்படி வாருங்கள்.

மே 16

ஆஸ்திரியாவைச் சொல்லி ஒருவர் மடக்கியிருக்கிறார். அங்கே 2005 நவம்பரில் எல்லா வாகனங்களும் பகலில் விளக்கைப் போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்து, 2008 தொடக்கத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்கிறார். உண்மைதான். ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, கார்களும் விளக்கைப் போட்டால் பைக்கும் பாதசாரியும் அந்த வெளிச்சக் கூட்டத்தில் அமுங்கிவிடுவார்கள் என்பது. பைக் விளக்குக்கு எதிரான வாதமாக இது எனக்குப் படவில்லை. சாலையில் பைக் மட்டும் விளக்கோடு வரும்போது அந்த வெளிச்சமே பைக்கின் அடையாளமாகிறது. எல்லாரும் போட்டுக்கொண்டால் அந்தச் சலுகை குறைகிறது. சுவீடனில் 1977 முதல் எல்லா வாகனங்களுக்கும் பகல் விளக்கு கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் புதிய வகைக் கார்கள் பகல் விளக்கோடுதான் வருகின்றன. நம் ஊரிலும் புதிய கார்கள் பல பகலில் ஒளிர்கின்றன. ஓசூர் சாலையில் மாலை நேரத்தில் பார்த்தால் அவர் சொல்வதன் பொருள் புரியும். ஒரு காருக்கு நேர் முன்னால் போகும் பைக்கின் ஒற்றை விளக்கு, பின்னாலிருக்கும் இரண்டு விளக்குகளோடு சேர்ந்து கரைந்துவிடுகிறது. காரை ஒட்டி முன்னால் ஓடாமல் தள்ளியே ஓடுங்கள் என்பதைத் தவிர இதற்கு எனக்குத் தெரிந்த மாற்று, வெளிர்நிறச் சட்டையும் வெள்ளை அல்லது மஞ்சள் ஹெல்மெட்டும்தான்.

மே 17

பகலில் பிரைட்டில் வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்பவர்களுக்கு: டிம்மே போதும். பிரைட் வெளிச்சம் எதிரே வருகிறவரை முகம் சுளிக்க வைத்து, பார்வையை வேறு பக்கம் திருப்ப வைக்கும். வேகமும் தொலைவும் கணிக்க இன்னும் கடினமாகும். கூடவே, ஒரு முறை பிரைட்டை அடித்துக் காட்டினால் நம் சாலைகளில் ஒருவர் "நீ போ" என்று எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் "நான் வருகிறேன், நில்" என்று எடுத்துக்கொள்கிறார். மீடியன் திறப்பில் திரும்ப நிற்கிறவருக்கு அதை அடித்துக் காட்டுவது இரண்டு பேருக்கும் ஆபத்து. அந்த இடத்தில் ஹாரன் நல்லது.

மே 19

வெயிலின் திசையைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் சாலை கிழக்கே நீள்கிறது. காலையில் அந்தத் திசையில் ஓட்டுகிறவருக்குச் சூரியன் நேர் முகத்தில். அவர் வலப்பக்கம் திரும்புவதற்காக நின்று, பர்கூரிலிருந்து வரும் வண்டிகளைப் பார்க்கிறார் என்றால், அவர் பார்ப்பது கூசும் வெள்ளைச் சுவர் ஒன்றைத்தான். அந்தச் சுவருக்குள்ளிருந்து வரும் பைக்கின் 35 வாட் எடுபடாது. அதே நேரம் பைக்கில் வருகிறவருக்குச் சூரியன் முதுகில். எதிரே எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. கார் ஓட்டுநரின் சட்டைப் பித்தானைக்கூட எண்ணிவிடலாம். தனக்குத் தெரிவதுபோல அவருக்கும் தெரியும் என்று நினைப்பது இயல்பு. ஆபத்து அந்த நினைப்பில் இருக்கிறது.

உங்கள் நிழல் சாலையில் உங்களுக்கு முன்னால் நீளமாக விழுந்து, எதிரே இருக்கும் வண்டியை நோக்கிக் கைகாட்டினால், அந்த வண்டியில் இருப்பவர் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவர் கண்ணில் இல்லை என்று வைத்துக்கொண்டே கடந்து போங்கள்.

இதற்கு நேர்மாறானது மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடிந்த பிறகும் கலையாத பனிமூட்டம். அங்கே பகல் விளக்கைப்போல் உதவுவது எதுவுமில்லை. அப்போதும் டிம்மில்தான்; பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

மே 21

பென்னாகரத்திலிருந்து ஒரு விவசாயி, தன்னுடையது 2017க்கு முந்தைய வண்டி, தானே சுவிட்ச் போட்டு விளக்கை எரிக்கலாமா என்று கேட்கிறார். தாராளமாக எரிக்கலாம் ஐயா. அந்த ஆண்டு மார்ச் கடைசி இரண்டு நாட்களில், ஏப்ரல் முதல் பி.எஸ்.3 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து வண்டிகளை விற்கக்கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவால் தள்ளுபடியில் அள்ளிக்கொண்டு போனார்களே, அந்த வண்டிகளும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சுவிட்ச் உண்டு.

பழைய வண்டிகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மாதிரிகளில் விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதில்லை. இன்ஜினோடு சுற்றும் காயிலிலிருந்து நேராக எரிகிறது. வேகமாகப் போனால் பிரகாசிக்கும், மெதுவானால் மங்கும். ஆகவே சந்திப்பில் வேகம் குறைத்து ஐடிலிங்கில் நிற்கும்போது, மற்றவர் உங்களைப் பார்க்க வேண்டிய அதே நேரத்தில், பல்பு சிவந்து சோர்ந்துவிடும். இருட்டிய பிறகு ஒரு சுவரின் முன் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துவிடும். அந்த வகையாக இருந்தால் சந்திப்புகளில் விளக்கைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பின்விளக்கும் கூடவே எரிகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எக்ஸ்எல் வண்டியில் சோளத்தட்டுக் கட்டு, பால் கேன், மாங்கூடை என்று ஏற்றுகிறவர்கள் பின்னால் வந்து நின்று ஒரு முறை பாருங்கள். தட்டு தொங்கி விளக்கை முழுதாக மூடியிருக்கும். முன்பக்கம் கைப்பிடியில் மாட்டிய பை ஹெட்லைட்டை மறைப்பதும் உண்டு. கயிற்றை இரண்டு அங்குலம் ஏற்றிக் கட்டினால் சரியாகிவிடும்.

மே 24

பாலக்கோட்டு நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார். சுவிட்ச் வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டாராம். ஆனால் பின்னால் தம்பியை உட்கார வைத்துப் போகும்போது எதிரே வருகிறவர்கள் பகலிலேயே கண் கூசுகிறது என்று திட்டுகிறார்களாம், டிம்மில்தான் வைத்திருக்கிறேன் என்கிறார்.

பின்பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். டிம் வெளிச்சமும் மேலே ஏறிவிடும். மாங்காய்ப் பருவத்தில் கூடை ஏற்றி வரும் வண்டிகளில் பாதி இப்படித்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு வருகின்றன. பொழுது சாய்ந்த பிறகு, சமதரையில், ஒரு சுவரிலிருந்து பத்தடி தள்ளி வண்டியை ஸ்டாண்டு போடாமல் நேராக நிறுத்துங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்து, தம்பியையும் பின்னால் உட்கார வைத்து, வேறு ஒருவரைச் சுவரில் விளக்கின் நடு உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். மேலே போனால் விளக்கைத் தாங்கும் போல்ட்டையோ, அடியில் இருக்கும் திருகையோ தளர்த்தி இறக்கிக்கொள்ளலாம். எந்தத் திருகு என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் படம் இருக்கும். பின் ஷாக் அப்சார்பரில் படி மாற்றும் வசதி இருந்தால், இரண்டு பேர் போகும் நாட்களில் அதை ஒரு படி இறுக்கி வைத்தாலும் போதும். அதற்கான ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் டூல் கிட்டில் இருக்கிறது.